ஆண் வண்டை மட்டும் அழைக்கும் ஆர்க்கிட் வாசனை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீட்டு வாசலில் சட்டி வைத்து ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. அவர்களிடம் பேசினால் ஒரு கருத்து அடிக்கடி காதில் விழும்: வாசனை உள்ள பூவுக்கு வண்டு வரும், இல்லாததற்கு வராது. 2021க்குப் பிறகு இன்னொரு பேச்சும் சேர்ந்துகொண்டது. நாட்டின் தென்மேற்கில் உள்ள கேப் மலைகளில் ஓர் ஆர்க்கிட் தன் வாசனையால் ஆண் வண்டை மயக்குகிறதாம் என்று செய்தி வந்தது. அதை அரைகுறையாகக் கேட்டவர்கள், ஆர்க்கிட் என்றாலே வாசனை காட்டி ஆண் வண்டை ஏமாற்றும் செடி என்று எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டுமே சரியில்லை. ஆனால் உண்மையில் நடப்பது இந்த இரண்டையும்விட வியப்பானது. வேதியியல் படிக்காதவர்களும் அதைப் புரிந்துகொள்ளலாம். அடியிலிருந்து தொடங்குவோம்.

பூவுக்குப் பூச்சி எதற்கு?

ஒரு பூவின் மகரந்தம் அதே இனத்தின் இன்னொரு பூவின் சூல்முடியில் போய்ச் சேர வேண்டும். அப்போதுதான் விதை உண்டாகும். இதற்குத்தான் மகரந்தச் சேர்க்கை என்று பெயர். செடி நடக்காது. அதனால் காற்றோ, பறவையோ, பூச்சியோ அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

சாமந்தியைத் தொட்டால் விரலில் மஞ்சள் பொடி ஒட்டும். அதன் மகரந்தம் தூளாக இருக்கிறது. ஆர்க்கிட்டில் அப்படி இல்லை. மகரந்தம் முழுவதும் சிறு கட்டிகளாக உருண்டு, அடியில் பசையோடு இருக்கும். இந்தக் கட்டிக்கு மகரந்தத் திரள் என்று பெயர். பூச்சி சரியான இடத்தில் உரசினால் திரள் அப்படியே அதன் முகத்திலோ முதுகிலோ மார்பிலோ ஒட்டிக்கொள்ளும். இனி அந்தப் பூச்சி போகும் இடமெல்லாம் அதுவும் போகும்.

இதில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. மகரந்தம் தூளாக இருந்தால் கொஞ்சம் வீணாய்ப் போனாலும் மிச்சம் இருக்கும். திரள் மொத்தமாகப் போகிறது. அந்தப் பூச்சி அடுத்து வேறொரு செடியில் போய் உட்கார்ந்தால் எல்லாம் போயிற்று. எனவே ஆர்க்கிட்டுக்கு வேண்டியது நிறையப் பூச்சிகள் அல்ல, அடுத்து தன் இனத்துப் பூவையே தேடிப் போகிற பூச்சி. சேர்ந்துவிட்டால் பலனும் பெரிது: ஆர்க்கிட்டின் ஒரே காயில் தூசி போன்ற விதைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் எல்லாமே விளங்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் வண்டு என்றால் தேனீயோ கருவண்டுத் தேனீயோ இல்லை. முன்சிறகு ஓடுபோல் இறுகி முதுகை மூடியிருக்கும் பூச்சியைத்தான் சொல்கிறேன். பொன்வண்டு, மாமரத்தைத் துளைக்கும் நீள்கொம்பு வண்டு எல்லாம் இந்தக் கூட்டம். ஏறத்தாழ 4 லட்சம் இனங்களோடு, பூச்சிகளிலேயே மிகப் பெரிய வரிசை இதுதான்.

மத்தித் துண்டும் ஸ்பூனும்

டர்பன் கடற்கரையில் ஷாட் மீன் பிடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். சிலர் தூண்டிலில் மத்தித் துண்டு மாட்டுவார்கள். வேறு சிலர் ஸ்பூன் என்று சொல்லும் பளபளப்பான உலோகத் தகட்டை மட்டும் மாட்டி, தூர வீசி வேகமாக இழுப்பார்கள். மத்தியில் உண்மையான தீனி இருக்கிறது. ஸ்பூனில் ஒன்றுமே இல்லை. ஓடுகிற சிறு மீன் மாதிரி மின்னுவது மட்டும்தான் அதன் வேலை.

பூக்களிலும் இந்த இரண்டு வகை உண்டு. தேனோ தின்னக்கூடிய மகரந்தமோ கொடுத்துப் பூச்சியை வரவழைப்பவை முதல் வகை. ஒன்றும் கொடுக்காமல், இருப்பதுபோல் காட்டுபவை இரண்டாவது வகை. ஆர்க்கிட் இனங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த இரண்டாவது வகை என்று கணக்கிடுகிறார்கள். செடி உலகில் இவ்வளவு ஏமாற்றும் குடும்பம் வேறு இல்லை என்றே சொல்லலாம்.

எதைக் காட்டி ஏமாற்றுவது என்பதிலும் வேறுபாடு உண்டு. பெரும்பாலானவை உணவைக் காட்டும். சில, முட்டையிட ஏற்ற இடம்போல் காட்டும். நம் நாட்டின் வறண்ட மேற்குப் பகுதியில் தரையோடு தரையாகப் பூக்கும் சாடிரியம் புமிலம் என்ற ஆர்க்கிட் அழுகிய இறைச்சி நாற்றத்தை வீசி ஈக்களை இழுக்கிறது. மிகச் சிலதான் இணையைக் காட்டும், அதாவது பெண் பூச்சி இங்கே இருக்கிறது என்று ஆண் பூச்சியை நம்பவைக்கும். இதற்குப் பாலியல் ஏய்ப்பு என்று பெயர்.

பாலியல் ஏய்ப்பு புதிய செய்தி அல்ல. ஆண் பூச்சிகள் ஆர்க்கிட் பூவோடு இணைசேர முயல்வதை 1916இல் அல்ஜீரியாவிலிருந்தும், 1927இல் ஆஸ்திரேலியாவில் ஈடித் கோல்மன் என்ற பெண்மணியும் எழுதினார்கள். அதற்குப் பிறகு குளவி, தேனீ, ஈ என்று பல உதாரணங்கள் சேர்ந்தன. வண்டுகள் மட்டும் அந்தப் பட்டியலில் உறுதியாக இடம்பெறாமலே இருந்தன. 2016இல் ஜப்பானின் ஒகினாவா தீவில் லூயிசியா டெரெஸ் என்ற ஆர்க்கிட்டுக்கு ஒருவகை வண்டின் ஆண்கள் வருவதாகத் தகவல் வந்தது. ஐயத்துக்கு இடமில்லாத சான்று 2021இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது.

இதுவரை பார்த்ததில் முக்கியமானது இதுதான். ஆர்க்கிட் தன் மகரந்தத்தை ஒரே கட்டியாக அனுப்புவதால், தவறாமல் தன் இனத்துப் பூவுக்கே போகும் பூச்சி அதற்கு வேண்டும். சில ஆர்க்கிட்டுகள் உணவு கொடுத்தோ, உணவு இருப்பதாகக் காட்டியோ பூச்சியைக் கூப்பிடுகின்றன. வெகு சில மட்டும் பெண் பூச்சி இருப்பதாகக் காட்டுகின்றன.

வாசனை யாருக்கு?

வாசனை என்பது பூவிலிருந்து ஆவியாகிக் காற்றில் பரவும் மூலக்கூறுகள். அவ்வளவுதான். அந்த மூலக்கூறுக்கு நல்ல மணம், கெட்ட மணம் என்ற குணம் கிடையாது. அதை வாங்கிக்கொள்ளும் உறுப்பில்தான் பொருள் பிறக்கிறது. நமக்கு அது மூக்கு. பூச்சிக்கு உணர்கொம்பு, அதாவது தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கொம்புகள். அவற்றின்மீது கண்ணுக்குத் தெரியாத மயிர்களும், மயிர்களில் நுண்துளைகளும் இருக்கின்றன. உள்ளே நரம்பின் முனையில் ஏற்பிகள் என்ற புரதங்கள் காத்திருக்கும். ஒவ்வொரு ஏற்பியும் குறிப்பிட்ட வடிவமுள்ள மூலக்கூறுகளுக்கு மட்டும் அசைந்துகொடுக்கும்.

அதனால் நம் மூக்குக்கு ஒன்றுமே தெரியாத பூ ஒரு வண்டுக்கு ஊரையே கூட்டும் பூவாக இருக்கலாம். நமக்கு மல்லிகை போல் மணக்கும் பூவை அதே வண்டு கண்டுகொள்ளாமல் போகலாம். வாசனையுள்ள ஆர்க்கிட்டுக்கு வண்டு வரும் என்ற பேச்சு இங்கேதான் தவறுகிறது. எந்த வாசனை, எந்த வண்டு என்று கேட்காமல் அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை.

வண்டுகளுக்கு வரும் வாசனைச் செய்திகளை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று உணவுச் செய்தி. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் மாமரம் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த காட்சி: பழம் விழுந்து புளிக்கத் தொடங்கியதும் மஞ்சளும் கறுப்புமான வண்டுகள் எங்கிருந்தோ வந்து சேரும். ரோஜா இதழையும் அவை விடுவதில்லை. பூவும் பழமும் தின்னும் இந்த வண்டுக் குடும்பம் புளித்த பழத்தின் வாசனையையும் பூ வாசனையையும் பின்பற்றி வருகிறது. ஆண், பெண் இரண்டும் வரும், ஏனென்றால் பசி இரண்டுக்கும் பொது. நம் குவாசூலு-நட்டால் புல்வெளிகளில் மஞ்சளாகப் பூக்கும் யூலோஃபியா என்சாட்டா என்ற ஆர்க்கிட்டுக்கு மகரந்தச் சேர்க்கை செய்பவை இந்தக் குடும்பத்து வண்டுகள்தான்.

இரண்டாவது, இணைச் செய்தி. ஒரு பூச்சி தன் இனத்தின் இன்னொரு பூச்சிக்காக வெளிவிடும் வேதிப்பொருளுக்கு ஃபெரோமோன் என்று பெயர். இந்தச் சொல்லே 1959இல்தான் பிறந்தது. அதே ஆண்டு அடால்ஃப் பூட்டனன்ட் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் பெண் பட்டுப்பூச்சியின் ஃபெரோமோனைக் கண்டறிந்தார். சில மில்லிகிராம் பொருளைப் பிரித்தெடுக்க ஏறத்தாழ 5 லட்சம் பட்டுப்பூச்சிகள் தேவைப்பட்டன. ஒரு பூச்சி எவ்வளவு குறைவாக வெளிவிடுகிறது, அந்தத் துளிக்கே ஆண் பூச்சி எவ்வளவு துல்லியமாகப் பதில் சொல்கிறது என்பது இதிலிருந்தே தெரியும்.

பல பூச்சி இனங்களில் பெண் ஓரிடத்தில் இருந்து ஃபெரோமோனை விடும், ஆண் தேடிப் பறக்கும். காற்று அந்த வாசனையை நேர்கோடாகக் கொண்டுபோகாது. துண்டு துண்டாக, இழை இழையாகக் கொண்டுபோகும். ஓர் இழை பட்டதும் ஆண் காற்றை எதிர்த்துப் பறக்கும். இழை அறுந்தால் இடமும் வலமும் குறுக்காகப் பறந்து மறுபடி பிடிக்கும். இப்படியே வளைந்து வளைந்து வாசனை கிளம்பும் இடத்துக்கு வந்துவிடும். ஒரு மலைச்சரிவில் விரலளவு பூ ஒன்றை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று வியப்பவர்களுக்கு இதுதான் பதில்.

சரி, இந்த இரண்டாவது செய்தியை ஒரு பூ அனுப்பினால்?

கேப் மலையின் டைசா

டைசா என்றதும் தென்னாப்பிரிக்காவில் எல்லோருக்கும் டேபிள் மலையின் சிவப்பு டைசாதான் நினைவுக்கு வரும். அதற்கு மகரந்தச் சேர்க்கை செய்வது ஒரு பட்டாம்பூச்சி. சிவப்பு நிறமே அதை இழுக்கிறது, வாசனைக்கு அங்கே வேலை இல்லை. நாம் பார்க்கப்போவது அதன் உறவுக்காரி, டைசா ஃபார்ஃபிகேரியா. மேற்குக் கேப் மலைகளின் ஃபைன்போஸ் புதர்க்காட்டில் வாழும் மிக அரிய ஆர்க்கிட். தாவரவியலாளர்கள்கூட வாழ்நாளில் பார்க்காமலே போகக்கூடிய பூ.

அந்தப் பூ ஒரு பூச்சி உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். அதன் இரண்டு இதழ்கள் உணர்கொம்பு மாதிரி நீண்டிருக்கும். உதடு என்று சொல்லப்படும் கீழ் இதழில் மயிரடர்ந்த ஒரு பிளவு உண்டு. காலன் கோகன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இந்தப் பூவைக் கவனித்தபோது, கோரோதைஸி ஹெஸ்ஸி என்ற நீள்கொம்பு வண்டின் ஆண்கள் அதைத் தேடி வந்தன. வந்த வண்டு தேனைத் தேடவில்லை. உணர்கொம்பு போன்ற இதழைக் கடித்துப் பிடித்தது. வயிற்றின் நுனியை வளைத்து மயிரடர்ந்த பிளவில் செருகியது. விந்தையும் அங்கேயே விட்டது. அந்த நேரத்தில் மகரந்தத் திரள் அதன் உடலில் ஒட்டிக்கொண்டது.

இதில் விந்து விட்டது என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். வண்டு தடுமாறி உட்கார்ந்திருக்கலாம், ஆராய்ந்து பார்த்திருக்கலாம் என்று வேறு விளக்கம் சொல்ல அதற்குப் பிறகு இடமில்லை. அந்த ஆண் வண்டைப் பொறுத்தவரை அது பெண்தான்.

எந்த வாசனை அதை அழைத்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பூவைச் சுற்றியுள்ள காற்றில் பல சேர்மங்கள் கலந்திருக்கும். அவற்றில் பெரும்பாலானவை வண்டுக்கு ஒரு பொருட்டே இல்லை. இதற்கு அழகான ஒரு வழி இருக்கிறது. வண்டின் உணர்கொம்பை இரண்டு மின்முனைகளுக்கு நடுவே பொருத்துவார்கள். பூவின் வாசனையை ஒரு கருவியால் தனித்தனிச் சேர்மமாகப் பிரித்து, ஒவ்வொன்றாக அந்தக் கொம்பின்மேல் படவிடுவார்கள். கொம்பு உணரும் சேர்மம் வரும்போது மட்டும் நரம்பில் மின்துடிப்பு எழும், திரையில் கோடு துள்ளும். இதற்கு உணர்கொம்பு மின்பதிவு என்று பெயர். எது தனக்கு வேண்டியது என்பதை வண்டின் கொம்பே காட்டிக்கொடுக்கிறது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் ஜான்சன் உள்ளிட்ட தென்னாப்பிரிக்க ஆய்வாளர்களும், ஜெர்மனியின் யேனா நகரத்து மாக்ஸ் பிளாங்க் வேதிச் சூழலியல் நிறுவனத்தின் வேதியியலாளர்களும் சேர்ந்து அந்தச் சேர்மத்தைப் பிரித்தெடுத்தார்கள். 2021இல் கரண்ட் பயாலஜி ஆய்விதழில் வெளியிட்டார்கள். அதுவரை எங்கும் பதிவாகாத புதிய மூலக்கூறு அது. ஆய்வகத்தில் அதைச் செயற்கையாகச் செய்து வெளியில் வைத்துப் பார்த்தபோதும் ஆண் வண்டுகள் பலமாக ஈர்க்கப்பட்டன. வாசனைதான் காரணம் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

ஒரு வளையம், அதன் வடிவம்

அந்த மூலக்கூறு மேக்ரோலைடு என்ற வகையைச் சேர்ந்தது. மேக்ரோலைடு என்றால் பெரிய வளையமாக மூடிய மூலக்கூறு, வளையத்தில் ஆக்சிஜன் ஒன்று கோத்திருக்கும். டாக்டர் எழுதிக்கொடுக்கும் எரித்ரோமைசின் மாத்திரையும் இந்த வகைதான். கஸ்தூரி வெண்டை விதையின் மணத்துக்குக் காரணமான அம்பிரெட்டோலைடும் இதே வகை. டைசாவின் மூலக்கூறு இந்தக் கடைசிப் பொருளுக்கு நெருங்கிய சொந்தம்: இரண்டிலும் வளையத்தில் 16 கார்பனும் ஓர் ஆக்சிஜனும் உண்டு. டைசாவினுடையதில் கூடுதலாக இரண்டு கார்பன் கொண்ட சிறு கிளை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது, இரட்டைப் பிணைப்பும், அதாவது இரண்டு கார்பன்கள் இரட்டைக் கட்டாகச் சேரும் இடமும், வேறு இடத்தில் இருக்கிறது.

ஆய்வாளர்கள் இந்த மூலக்கூறைச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்த்தார்கள். கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல் இடம்வலம் மாறிய வடிவத்தையும் செய்து பார்த்தார்கள். அணுக்கள் அதேதான், எண்ணிக்கை அதேதான், ஆனால் நம் இடக்கையும் வலக்கையும்போல ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. இந்தக் குணத்துக்குக் கைத்தன்மை என்று பெயர். ஆண் வண்டை ஈர்க்க கைத்தன்மை சரியாக இருப்பது இன்றியமையாதது என்று தெரிந்தது.

இது நம்ப முடியாத நுட்பமாகத் தோன்றலாம். ஆனால் நம் சமையலறையிலேயே இது இருக்கிறது. புதினா வகையில் ஒன்றான ஸ்பியர்மின்ட்டின் மணமும் சதகுப்பை விதையின் மணமும் கார்வோன் என்ற ஒரே பொருளின் இரண்டு கை வடிவங்கள். நம் மூக்கும் அந்த வேறுபாட்டைப் பிடித்துவிடுகிறது.

பூ பெண் வண்டுபோல் மணக்கிறது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். நான் அதை இப்படிச் சொல்வேன்: இந்த ஒரு இனத்து ஆண் வண்டின் உணர்கொம்பில் உள்ள ஏற்பிக்குப் பொருந்தும் வடிவத்தில் ஒரு மூலக்கூறைப் பூ உண்டாக்குகிறது. மற்ற பூச்சிகள் அருகில் பறந்தாலும் அந்தச் செய்தி அவற்றுக்கானது அல்ல. ஆர்க்கிட்டுக்கு வேண்டிய பூச்சி அடுத்து தன் இனத்துப் பூவுக்கே போக வேண்டும் என்று தொடக்கத்தில் பார்த்தோம் அல்லவா? உணவு வாசனை பலரைக் கூப்பிடும். இணை வாசனை ஒருவரை மட்டும் கூப்பிடும். மிக அரிதான, ஒன்றிலிருந்து ஒன்று தள்ளித் தள்ளி நிற்கும் செடிக்கு இது பெரிய பலம்.

பூ திட்டமிடுகிறதா?

இல்லை. பூவுக்கு மூளையும் இல்லை, எண்ணமும் இல்லை. ஒரு செடிக் கூட்டத்தில் ஒவ்வொரு செடியின் வாசனையும் கொஞ்சம் வேறுபடும். அவற்றில் ஒன்றின் வாசனை தற்செயலாக வண்டின் ஃபெரோமோனுக்குச் சற்று நெருங்கியிருந்தால், அதற்குச் சற்று அதிகமாக மகரந்தச் சேர்க்கை நடக்கும், அதன் விதைகள் அதிகமாகும். பல தலைமுறை இப்படியே தேர்ந்து தேர்ந்து வரும்போது பொருத்தம் கூடிக்கொண்டே போகும். இயற்கைத் தேர்வு என்பது இதுதான்.

செடி சூனியத்திலிருந்து தொடங்க வேண்டியதும் இல்லை. டைசா மூலக்கூறில் மொத்தம் 18 கார்பன், 9ஆவது இடத்தில் ஒரு இரட்டைப் பிணைப்பு. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் இருக்கும் ஓலிக் அமிலத்துக்கும் இதே கணக்குத்தான். இப்படிப்பட்ட கொழுப்பு அமிலங்கள் செடிகளின் உடலில் ஏராளமாக இருக்கின்றன.

வண்டு ஏன் விழித்துக்கொள்வதில்லை என்றும் கேட்கிறார்கள். பெண்ணைத் தேடாமல் ஜாக்கிரதையாக இருக்கும் ஆண் வண்டு ஏமாறாது, ஆனால் அதற்குச் சந்ததியும் இருக்காது. அழைப்பு வந்ததும் ஓடிவரும் ஆண்தான் பெண்ணையும் அடைகிறது. பூ அரிதாக இருக்கும்வரை அப்படி ஓடிவருவதால் வரும் நஷ்டம் குறைவு.

எல்லா வண்டுப் பூவும் வாசனைப் பூ அல்ல

தெற்குக் கேப் பகுதியில் செராடாண்ட்ரா கிராண்டிஃப்ளோரா என்ற மஞ்சள் ஆர்க்கிட்டுக்குக் குரங்கு வண்டு என்று இங்கே அழைக்கப்படும் சிறு வண்டுகள் வருகின்றன. இந்தக் கூட்டம் பொதுவாக நிறத்தைப் பார்த்துத்தான் பூவைத் தேர்ந்தெடுக்கும். அந்தப் பூங்கொத்தின்மேல் ஆணும் பெண்ணும் சந்தித்து உண்மையாகவே இணைசேர்கின்றன. அங்கே பூ ஒரு சந்திப்பிடம். ஆண் வண்டு வந்தது என்பதாலேயே பாலியல் ஏய்ப்பு என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆண்கள் மட்டுமா வந்தன, பூவோடு இணைசேர முயன்றனவா, பிரித்தெடுத்த வாசனையை மட்டும் வைத்தாலும் வருகின்றனவா என்ற மூன்று கேள்விகளுக்கும் ஆம் என்று பதில் வந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும்.

மலையில் நடக்கும்போது காட்டு ஆர்க்கிட் கண்ணில் பட்டால் தயவுசெய்து பிடுங்கி வர வேண்டாம். அதன் வண்டு நம் வீட்டுச் சட்டியைத் தேடி வராது. அந்த வண்டுக்கும் புழுவாக வளர மரத்தண்டு வேண்டும், சுற்றிலும் புதர்க்காடு வேண்டும். படம் எடுங்கள். பூவில் வண்டு இருந்தால் இன்னும் கிட்டப் போய், அதன் தலையையும் மார்பையும் பக்கவாட்டில் எடுங்கள். அங்கே சிறு கட்டிகள் ஒட்டியிருந்தால் அது மகரந்தத் திரள், அந்த வண்டு ஏற்கெனவே ஓர் ஆர்க்கிட்டுக்குப் போய்விட்டு வந்திருக்கிறது.